பட்டாளத்துப் புத்தகத்தில் விடுபட்ட வரி

தொரப்பள்ளி என்ற பெயர் வெளியூர்க்காரர் காதில் விழுந்திருக்குமாயின், 1878-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இவ்வூரில் பிறந்து, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகவும் பின்னர் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்த ராஜாஜியின் பொருட்டே விழுந்திருக்கும். நினைவில்லமாகப் பாதுகாக்கப்பட்டு வரும் அவருடைய பிறந்த வீட்டைக் கண்டு, பொன்னையாற்றங்கரைக் காற்றைச் சிறிது நேரம் அனுபவித்துவிட்டு, யாத்திரிகர்கள் ஓசூருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதே சுற்றுவட்டாரத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல இங்கே பலகை எதுவும் இல்லை. ஜனங்களின் சம்மதத்தைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் சேர்த்துவிட்டதை ஆட்சேபித்து 1939-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது; ஆயினும் அதற்கடுத்த ஆண்டுகளில், அவர் பிறந்த தாலுகாவின் கிராமங்களிலிருந்து, கேழ்வரகும் கொள்ளும் குடும்பத்துக்குப் போதாத வீட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்குப் போய், அல்சூர் ஏரிக்கரையிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் கேந்திரத்திலும் மற்றப் பட்டாளங்களிலும் பெயர் கொடுத்து, தம் வாழ்நாளில் அதற்குமுன் கண்டிராத சமுத்திரத்தைத் தாண்டி எரித்ரியாவுக்கும் லிபியாவுக்கும் இத்தாலிக்கும் பர்மாவுக்கும் சென்றார்கள். அவர்களுடைய மக்களும் பேரன்மாரும் பின்னொரு காலத்தில் இலங்கைக்குச் சென்றார்கள். போனவர்களுள் பலர் திரும்பி வந்தார்கள். அப்படி வந்தவர்களில் சிலருடைய பட்டாளத்துப் புத்தகத்தில் அவர்கள் கடல் கடந்த செய்தி மட்டும் விடுபட்டுப் போயிற்று. அந்த வரியைத் தேடி எடுத்து உரிய இடத்தில் எழுதச் செய்வதே, சுபேதார் பதவியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து 1986-இல் ஓய்வு பெற்று இவ்வூரில் வந்து குடியமர்ந்த நாள்முதல், என் பொழுதின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட தொழிலாக இருந்து வருகிறது.

தொழில் என்று சொன்னேனே தவிர, இதற்கு நான் கூலி வாங்குவதில்லை. தபால் செலவை மட்டும் அவரவர் ஏற்றுக்கொள்வார்கள்.

பட்டாளத்திலிருந்து விடுபடும் ஒவ்வொருவருக்கும் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் கொடுக்கப்படுகிறது. அவருடைய படை எண், பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, 1954-ஆம் ஆண்டு இராணுவ விதிகளில் எந்த விதியின்கீழ் விலக்கப்பட்டார் என்ற காரணம், கற்ற தொழில், நடத்தை, அங்க அடையாளம், பெற்ற பதக்கங்கள், போர்முனையிலும் வெளிநாட்டிலும் புரிந்த சேவை ஆகிய சகல விவரங்களும் அந்தச் சிறிய ஏட்டுக்குள் அடங்கியிருக்கும். எங்கள் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து, 1980-இல் அசோக் லேலண்டும் அதனையடுத்து டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் இன்னும் பலவும் வந்தபின்னர், முன்னாள் சிப்பாய்களுக்கு அந்தப் புத்தகமே இரண்டாவது ஜீவனத்துக்கு வழிகாட்டியாயிற்று. 1986-இல் மாநில அரசு ஏற்படுத்திய டெக்ஸ்கோ நிறுவனத்தின் வாயிலாகவோ நேரிலோ காவல் உத்தியோகத்துக்குப் போகிறவனிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான். அதிகாரி ஏடுகளைப் புரட்டுவார். வெளிநாட்டுச் சேவை என்ற பத்தியில் 'இல்லை' என்று எழுதியிருப்பதைக் கண்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. உத்தியோகமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆயினும் எதிரே நிற்பவன், தான் போகவில்லை என்று தன் சர்க்காரே எழுதிக் கொடுத்திருப்பதை இன்னொரு மனிதர் படித்துப் பார்ப்பதைக் கைகட்டிக்கொண்டு பார்த்து நிற்கிறான். இதை ஓர் அற்ப விஷயம் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

இந்த விடுபாடு எவ்வாறு நேருகிறது என்பதை விளக்க வேண்டுமானால், பட்டாளத்தில் ஒருவனுடைய வாழ்க்கை எப்படிக் காகிதமாகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். யூனிட் குமாஸ்தா நாள்தோறும் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவைத் தட்டெழுத்தில் அடித்து வெளியிடுவார். இன்னான் வருடாந்தர விடுப்பில் போனான், இன்னான் விடுப்பிலிருந்து திரும்பினான், இன்னானுக்கு விவாகமாயிற்று, இன்னானுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இன்னான் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான், இன்னான் லான்ஸ் நாயக்காக உயர்த்தப்பட்டான், இன்னான் இந்தத் தேதியில் கப்பலேறினான் என்றெல்லாம் அதில் வரும். அதன் ஒரு பிரதி சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் மற்றொரு பிரதி ரிக்கார்டு ஆபீஸுக்கும் போகும். ரிக்கார்டு ஆபீஸில் அந்தச் சிப்பாயின் ஷீட் ரோல் என்ற சேவைப் பதிவில் உத்தரவின் எண்ணும் தேதியும் குறிக்கப்படும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு ரிக்கார்டு ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது, சாப்பர்களுக்குப் பெங்களூரில், பீரங்கிப் படையினருக்கு நாசிக்கில், சிக்னல் படையினருக்கு ஜபல்பூரில், மருத்துவப் படையினருக்கு லக்னோவில். டிஸ்சார்ஜ் புத்தகத்தை நிரப்பும் குமாஸ்தா சிப்பாயை நேரில் கேட்டு எழுதுவதில்லை. ஷீட் ரோலைப் பார்த்தே எழுதுகிறார். ஆகையால் பார்ட் டூ ஆர்டரில் வாராத சம்பவம், அது ஒருவனுடைய காலில் குண்டுத் தழும்பாகவே இருந்தாலும், புத்தகத்துக்குள் நுழைவதற்கு வாசல் கிடையாது.

அந்த வாசல் அடைபட்டுப் போவது பெரும்பாலும் அட்டாச்மெண்ட் என்ற ஏற்பாட்டினால்தான். ஒருவனுடைய பெயரும் தஸ்தாவேஜுகளும் ஒரு யூனிட்டில் இருக்க, ஆளை மட்டும் வேறொரு யூனிட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பிவிடுவார்கள். இரவல் வாங்கிய யூனிட், ஆள் நம்முடையவனல்லவே என்று எழுதாமல் இருக்கும். சொந்த யூனிட்டோ, அங்கே நடந்தது நமக்கு எப்படித் தெரியும் என்று எழுதாமல் இருக்கும். சமாதான காலத்தில் இந்தக் குறை ஓரிரு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டு நிவர்த்தியாகிவிடும். 1987-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் இந்திய-இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாகி, மறுநாளே நம் அமைதிகாக்கும் படை பலாலி விமான நிலையத்தில் இறங்கத் தொடங்கியதுபோன்ற அவசரத்தில், பெட்டியும் கோப்பும் பின்னால் வரட்டும் என்று ஆட்களே முதலில் ஏற்றப்பட்டார்கள். அக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபிறகு, எந்த லாரியில் எந்த யூனிட் ஆள் இருக்கிறான் என்று கணக்கெடுத்து உத்தரவு அடிப்பதற்கு எந்தக் குமாஸ்தாவுக்கு அவகாசம் இருந்திருக்கும்? நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனாகையால் அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

அமைதிகாக்கும் படைக்குச் சென்றவர்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1990-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி கடைசிப் படைப்பிரிவும் திரிகோணமலையிலிருந்து புறப்பட்டுவிட்டது. திரும்பி வந்த படையைச் சென்னையில் வரவேற்பதற்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. இலங்கைத் தமிழர் பட்ட துன்பத்தை முன்னிட்டு அவ்வாறு செய்ததாக அவர் கூறினார்; அதன் நியாயத்தை விவாதிக்க இது இடமன்று. ஏறத்தாழ 1,200 பேரை அங்கே பறிகொடுத்துவிட்டு வந்த அந்தப் படையிலிருந்த தமிழ்நாட்டுச் சிப்பாய், ஊரில் இறங்கியதும் தான் எங்கிருந்து வருகிறான் என்பதை வெளியே சொல்லத் தயங்கினான் என்பது மட்டும் நான் நேரில் கண்டது. சொல்லத் தயங்கினவன் எழுதிக் கேட்கவும் தயங்கினான். விசேஷ சேவைப் பதக்கத்தில் இலங்கை என்ற பட்டைக்கு உரிமை பெற்றவர்கள்கூட, அதைக் கேட்டு ஒரு கார்டு போடாமல் பல ஆண்டுகளைக் கழித்தார்கள்.

சூளகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு லாரி டிரைவர் அப்படிப்பட்டவர்தான். வீட்டில் தெலுங்கு பேசுபவர்; சந்தையில் கன்னடம்; பள்ளிக்கூடத்தில் மட்டும் தமிழ். ஒரு போக்குவரத்துக் கம்பெனிக்கு அட்டாச்மெண்டில் அனுப்பப்பட்டு, வவுனியாவிலிருந்து ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் வரையில் ரேஷன் லாரி ஓட்டியவர். வண்டி நின்ற இடங்களிலெல்லாம், மதராஸி என்ற ஒரே காரணத்துக்காக இவரை இறக்கி, ஊர் ஜனங்களோடு பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவர் பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு அவர்களுடைய தமிழைப் புரிந்துகொண்டு, அதை இந்தியில் மேஜருக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு கிழவி தன் பிள்ளையைப் பற்றி விசாரித்ததையும், அவளுக்குத் தான் சொன்ன பதிலையும் என்னிடம் ஒரு முறை விவரித்தார். அதை இங்கே எழுத எனக்கு அதிகாரமில்லை. இவ்வளவும் நடந்து, பத்தாண்டுக்கு மேல் கழித்து நாயக்காக ஓய்வு பெற்றபோது கையில் கொடுக்கப்பட்ட புத்தகத்தில், வெளிநாட்டுச் சேவை 'இல்லை' என்றிருந்தது.

"சாப், பென்ஷன்ல ஒரு ரூபா சேர்த்துக் குடுக்க வேணாம். நான் அங்க போனேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். என் பொண்ணு அந்த ஊர்ப் பேரையெல்லாம் கேட்டுட்டுப் புத்தகத்தைப் பார்த்தா, 'என்னப்பா, இதுல ஒண்ணும் இல்லியே'ங்குறா" என்றார்.

அவர் ஏற்கெனவே தாமாக ஒரு விண்ணப்பம் அனுப்பி, கைவசமுள்ள பதிவுகளின்படி அத்தகைய உத்தரவு எதுவும் காணப்படவில்லை என்ற பதிலையும் பெற்றிருந்தார். இந்தப் பதிலைக் கண்டு மனம் தளர்ந்து அத்தோடு விட்டுவிடுகிறவர்களே அதிகம். கோபங்கொண்டு நேரே வக்கீலிடம் ஓடுகிறவர்களும் உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் ஓர் அமர்வு இருக்கிறது; வேறு வழியற்றவனுக்கு அது புகலிடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் நீதிபதி கேட்பது காகிதத்தைத்தான். சக சிப்பாய்கள் இருவர் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை முதலில் கொண்டுபோய் நீட்டுவது தவறான முறை என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் இராணுவக் காகிதத்தை அசைப்பதற்கு இன்னோர் இராணுவக் காகிதத்துக்கே வலிமை உண்டு. அதைத் தேடிப் பிடித்தபின் சக சிப்பாய்களின் வாக்குமூலம் அதற்குத் துணையாக நிற்கும்.

அந்தக் காகிதத்தை எங்கே தேடுவது? இந்தத் தொழிலில் நான் கற்ற வித்தையெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். 'இவர் இலங்கைக்குப் போனதற்கு உத்தரவு உண்டா?' என்று கேட்டால், இல்லை என்ற பதில்தான் வரும். அந்த உத்தரவு வெளியாகாததனால்தானே இவர் நம் திண்ணைக்கு வந்திருக்கிறார்! போர்முனைக்குப் போனதை எழுத மறந்துவிடும் பட்டாளம், விடுப்பில் போனதை எழுத மறப்பதில்லை. ஏனென்றால் விடுப்பிலே சம்பளக் கணக்கு இருக்கிறது, ரயில் வாரண்டு இருக்கிறது, நாள் எண்ணிக்கை இருக்கிறது. குழந்தை பிறந்ததை எழுதும், சம்பள முன்பணம் வாங்கியதை எழுதும், மலேரியாவில் மூன்று நாள் படுத்ததை எழுதும். காசோடும் கணக்கோடும் பிணைந்த இந்தச் சின்னஞ்சிறு சம்பவங்களில் ஏதேனும் ஒன்று, அவன் கடல் கடந்திருந்த காலத்துக்குள் நிகழ்ந்திருக்குமானால், அதை எழுதிய குமாஸ்தா தன்னையறியாமலே அவன் அப்போது எங்கிருந்தான் என்பதையும் எழுதி வைத்திருப்பார். ஆகவே பெரிய செய்தியை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நடந்த சிறிய செய்தியைக் கேட்க வேண்டும்.

டிரைவருக்குத் தாம் விடுப்பில் வந்த தேதி நினைவில்லை. யுத்தத்தில் இருந்தவர்களுக்குத் தேதிகள் நிற்பதில்லை. இடங்களும் முகங்களுமே நிற்கின்றன. தேதிகள் வீட்டிலிருக்கும் பெண்களிடம் பத்திரமாக இருக்கும் என்பதை அறிந்து, அவருடைய மனைவியையும் அழைத்து வரச் சொன்னேன்.

"அந்த வருஷம் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு வந்திருந்தார் அண்ணா. தேர் பார்த்துட்டு வந்து மறுவாரம் பொண்ணுக்குக் காது குத்தினோம். கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்கி வந்தேன்னார். ஒடம்பெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு" என்று அந்த அம்மாள் சொன்னார்.

ஓசூர் மலைமேலிருக்கும் சந்திரசூடேஸ்வரருக்குத் தேரோட்டம் நடப்பது ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஒட்டியே. பெண்ணின் பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிட்டால் 1988 என்று தெளிவாயிற்று. உடனே ஒரு புதிய விண்ணப்பம் எழுதினேன். அதில் இலங்கை என்ற சொல்லே வரவில்லை. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் மேற்படி சிப்பாய் அனுபவித்த வருடாந்தர விடுப்பு சம்பந்தமாக வெளியிடப்பட்ட பார்ட் டூ ஆர்டரின் நகல் வேண்டும் என்று, 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டிருந்தேன். நகல் வந்தது. விடுப்பு துவங்கிய தேதி, முடிந்த தேதி. அவற்றுக்கு எதிரே குறிப்புப் பத்தியில், அவரை இரவலாகப் பெற்றிருந்த கம்பெனியின் பெயரும், கேர் ஆப் 56 ஏ.பி.ஓ. என்ற களத் தபால் முகவரியும் அடித்திருந்தன. எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிட்டபின் மற்றவை தாமே திறந்துகொண்டன. அந்தக் கம்பெனி அக்காலத்தில் இலங்கையில் இருந்ததற்கு அதன் சொந்த ஆவணங்களே சாட்சி. அதன் ஆள் பட்டியலான நாமினல் ரோலில் இவருடைய படை எண்ணும் அகப்பட்டது. பிறகுதான் சக டிரைவர் ஒருவருடைய வாக்குமூலத்தைச் சேர்த்தோம். காலம் கடந்த உத்தரவு ஒன்று முறைப்படி வெளியாகி, ஷீட் ரோலில் ஏறி, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சிவப்பு மையினால், அதிகாரத்தின் எண்ணும் தேதியும் காட்டி, ரிக்கார்டு அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையுமாக, அந்த ஒரு வரி எழுதப்பட்டது. பதக்கம் பின்னால் தபாலில் வந்தது. புத்தகத்தைத் தகப்பனார் கையிலிருந்து வாங்கி அந்தப் பக்கத்தை முதலில் படித்தவள் காதுகுத்துக் கண்ட அந்தப் பெண்தான். அப்போது அவள் கிருஷ்ணகிரியில் கல்லூரி மாணவி.

புத்தகத்தில் எழுதும் அதிகாரம் ரிக்கார்டு அதிகாரி ஒருவருக்கே உரியது என்பதைப் பலர் உணர்வதில்லை. சொந்தக்காரப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு பால்பாயிண்ட் பேனாவினால் 'ஸ்ரீலங்கா, இரண்டு வருஷம்' என்று எழுதிவிட்ட புத்தகம் ஒன்று என்னிடம் வந்தது. அந்த மனிதர் உண்மையாகவே அங்கே இருந்தவர். சம்பளக் கணக்கும் இருந்தது. ஆனாலும் திருத்தப்பட்ட ஆவணம் என்ற சந்தேகம் விழுந்துவிட்டபடியால், உண்மையை நிரூபிப்பதற்கு முன்னால் அந்தப் பேனாக் கோட்டுக்குச் சமாதானம் சொல்லி முடிக்கவே நீண்ட காலம் பிடித்தது. அசல் புத்தகத்தை அனுப்புமுன் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, நகல் எடுத்து அத்தாட்சி பெற்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உலக யுத்தக் காலத்தவர்களின் விஷயம் இன்னும் கடினமானது. 1945-இல் ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் பேரைக் கொண்டிருந்த இந்திய சைனியத்தைக் குறைக்கத் தொடங்கியபோது, கலைப்பு முகாம்களில் வரிசையாக நின்றவர்களுக்கு அச்சடித்த சான்றிதழ்களை நிரப்பிக் கொடுத்து ரயிலேற்றினார்கள். பென்ஷனுக்குரிய காலம் சேவை செய்யாதவர்களின் கோப்புகளை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்து அழித்துவிடலாம் என்பது இராணுவ விதி. ஆகையால் 1946-இல் வீடு திரும்பியவரின் ஷீட் ரோல் 1970-களிலேயே சாம்பலாகிவிட்டது. மாண்டவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் கேரனிலும் கசினோவிலும் ரங்கூனிலும் கல்லில் வெட்டிவைத்துப் பராமரித்து வருகிறது. இத்தாலியில் 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி, வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காப்பாற்றி உயிர்நீத்த மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது; இந்தியர் ஒருவருக்கு அது நேரடியாக அளிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அதே மலைச்சரிவுகளில் பாலம் கட்டிவிட்டு உயிரோடு ஊர் திரும்பி, ஏர் பிடித்து, வயோதிகத்தில் படுக்கையில் இறந்தவனுக்குக் கல்லும் இல்லை, கோப்பும் இல்லை.

பாகலூர்ச் சாலைக் கிராமம் ஒன்றிலிருந்து, யுத்தத்தில் பென்ஷனின்றித் திரும்பியோருக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் மாநில அரசு அளிக்கும் மாத உதவியை உத்தேசித்து, ஒரு மூதாட்டியை அவருடைய பேரன் அழைத்து வந்தான். அவருடைய கணவர் பட்டாளத்தில் கொல்லுவேலை செய்தவர். சான்றிதழின் கீழ்ப்பாதி கரையானுக்கு இரையாகியிருந்தது; மிஞ்சிய மேல்பாதியில் வெளிநாட்டுச் சேவையைக் குறிக்கும் இடம் வெறுமையாக இருந்தது; படை எண்ணில் கடைசி இலக்கங்கள் போய்விட்டன.

"அவர் இத்தாலி இத்தாலின்னு சொல்வார் நாயனா. பனி கொட்டும், மலை ஏறினோம்னுவார். ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க. கடைசியில அவரே சொல்றதை விட்டுட்டார்" என்றார் அந்த அவ்வா.

முடிச்சவிழ்த்து அவர் வைத்த வெண்கல நட்சத்திரங்களில் ஒன்றில் 'இத்தாலி ஸ்டார்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அதன் சாயம் வெளுத்த நாடாவில் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் இன்னும் தெரிந்தன. 1943-ஆம் ஆண்டு ஜூன் முதல் 1945-ஆம் ஆண்டு மே வரையில் இத்தாலிப் போர்முனையிலும் அதைச் சார்ந்த போர்முனைகளிலும் சேவை செய்தவர்களுக்கன்றி வேறெவர்க்கும் அது வழங்கப்படவில்லை. இந்தியாவுக்குள்ளேயே இருந்தவர்களுக்கு வேறு பதக்கம் இருந்தது. கணவரின் வாழ்க்கையில் சிரிப்புக்கிடமாகிப்போன அந்தச் சொல், எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய முந்தானை முடிச்சிலேயே அத்தனை ஆண்டுகளும் இருந்திருக்கிறது. அதை நான் உரக்கப் படித்துச் சொன்னபோது அவ்வா பேரனைப் பார்த்து, "கேட்டுக்கடா" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் நட்சத்திரத்தில் பெயர் பொறித்திருக்கவில்லை. கடையில் வாங்கியது என்று ஒருவர் சொல்லிவிடலாம். எண் வேண்டும். இங்கேயும் சிறிய செய்தியின் பக்கம் திரும்பினேன். கணவர் வெளியே இருந்த காலத்தில் பணம் எப்படி வந்தது என்று கேட்டேன். மாதாமாதம் மணியார்டர் வந்ததாகவும், தபால்காரர் கிழித்துக் கொடுத்த துண்டுகளை மாமியார் வாங்கி விட்டத்துக் கம்பியில் கோத்து வைத்ததாகவும் சொன்னார். பழைய வீட்டைப் பிரித்தபோது அந்தக் கம்பியையும் நில வரி ரசீதுகளோடு ஒரு தகரப் பெட்டியில் போட்டிருந்தார்கள். குடும்பப் படியாக வந்த அந்த மணியார்டர்த் துண்டுகளில், புகையேறிப் பழுத்திருந்தாலும், படை எண் முழுதாக இருந்தது. கோப்புகள் அழிக்கப்பட்டபின்னும் லாங் ரோல் என்ற நெடும்பதிவு அழிக்கப்படுவதில்லை. எண் கிடைத்தால் அதில் ஒருவனுடைய வரியைக் காணலாம். ரிக்கார்டு ஆபீஸார் அதைக் கண்டார்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, அவற்றோடு இத்தாலி ஸ்டார் உட்பட வழங்கிய பதக்கங்களின் பெயர்கள். அந்தப் பதிவின் அத்தாட்சி பெற்ற சுருக்கம் சான்றிதழுக்குப் பதிலாக ஏற்கப்பட்டு, உதவித்தொகையும் வரலாயிற்று. தொகை வந்ததைவிட, சுருக்கத்தின் நகலைச் சட்டம் போட்டுத் தெருப்பக்கத்துச் சுவரில் மாட்டச் சொன்னதே அவ்வாவுக்கு முக்கியமாக இருந்தது.

பெயர்களாலும் ஊர்களாலும் விளையும் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த எல்லைப்புறத்தில் ஒரே மனிதர் பள்ளிக்கூடத்தில் முனியப்பன், வீட்டில் முனியப்பா; பெங்களூரில் ஆளெடுத்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிக்கொள்வார். ஓசூர் தாலுகா 1965 வரையில் சேலம் ஜில்லாவிலும், பின்னர் தர்மபுரியிலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்து வருவதால், தகப்பன், மகன், பேரன் மூவரும் ஒரே வீட்டிலிருந்து மூன்று ஜில்லாக்காரர்களாகப் பட்டாளத்தில் பதிவாகியிருக்கலாம். வெளிநாட்டுச் சேவைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்திலேயே இவற்றையும் திருத்தித் தரும்படி கேட்கக் கூடாது. ஒரு கடிதத்துக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வந்து கோப்பு மூடப்படும்.

இப்போது பென்ஷன் சம்பந்தமான காரியங்களெல்லாம் ஸ்பர்ஷ் என்ற கணினி ஏற்பாட்டுக்குள் போய்விட்டன. என்னிடம் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். மனுக்கள் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி உடனே கிடைக்கிறது. இது பெரிய நன்மை. ஆயினும் கணினிக்குள் ஏறியது ஷீட் ரோலில் இருந்தது மட்டுமே. அதில் விடுபட்டது அங்கேயும் விடுபட்டேயிருக்கும். இலங்கைக்குச் சென்றவர்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேலாகிறது. அவர்களுடைய ஹவில்தார்கள் எண்பதை நெருங்குகிறார்கள். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் கோப்புகளுக்குரிய கெடு பெரும்பாலும் கடந்துவிட்டது. ஆகையால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் எவருடைய வீட்டிலாவது அப்படிப்பட்ட ஒருவர் இருப்பாரானால், அவருடைய புத்தகத்தை இன்றே வாங்கிப் பார்த்து, வெளிநாட்டுச் சேவை என்ற பத்தி வெறுமையாக இருந்தால், படை எண், சொந்த யூனிட், இரவலாகச் சென்ற யூனிட், அக்காலத்தில் வீட்டில் நடந்த விவாகம், பிரசவம், சாவு, காதுகுத்து, திருவிழா ஆகியவற்றின் மாதங்கள், அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரி ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலுள்ள அம்மாளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த மாதங்கள் அவருக்குத்தான் நினைவிருக்கும்.